குழாயைத் திறக்குமுன்: குளத்து மீன் வளர்க்க வரும் இளையோருக்கு

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் நமக்கு மீன் என்றால் பாரிட்டில் கிடைத்த கெளுத்தியும் விராலும்தான். இன்று கிள்ளான் பக்கம் காப்பாரிலும் மேருவிலும் தாமான் வீட்டு வாசலில் குளம் கட்டிக் கோய் வளர்க்கிறார்கள். வீட்டுப் பின்புறம் கேன்வாஸ் தொட்டி போட்டுத் திலாப்பியாவும் கெலியும் வளர்த்து, குடும்பச் செலவுக்கு நாலு வெள்ளி பார்க்கும் தம்பிகளும் இருக்கிறார்கள். எனக்கு அதில் மெத்த மகிழ்ச்சி. ஆனால் மீன் செத்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், என்ன தீனி போட்டாய் என்று நான் கேட்பதில்லை. கடைசியாக எப்போது பைப்பைத் திறந்தாய் என்றுதான் கேட்பேன். முக்கால்வாசி நேரம் பதில் அங்கேயே கிடைத்துவிடும். அதனால், குளத்தில் மீன் விடுவதற்கு முன்பு, பைப்புத் தண்ணீரைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. மனிதன் குடிக்கலாம் என்று சொன்ன தண்ணீரில் மீன் வாழும் என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர அளவுப்படி, பைப்பில் வரும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் இருக்கலாம். மிச்சம் இருக்கத்தான் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து பல மைல் குழாயில் ஓடி வரும் தண்ணீரில் கிருமி வளராமல் காப்பது அதுதான். காலரா, டைபாய்டு என்று நம் முன்னோர் தோட்டங்களில் கொத்துக் கொத்தாய்ச் செத்த நோய்களை விரட்டியதில் குளோரினுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் திட்டாதீர்கள்.

ஆனால் மீனின் கணக்கு வேறு. நன்னீர் உயிரினங்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு, ஒரு மணி நேரச் சராசரிக்கு லிட்டருக்கு 0.019 மில்லிகிராம், நான்கு நாள் சராசரிக்கு 0.011. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டப்படி இருக்கவேண்டிய மிகக் குறைந்த குளோரினே மீனின் வரம்பைப்போல் பத்து மடங்கு. தண்ணீர் நிறுவனம் தன் வேலையைச் சரியாகச் செய்த நாளில்தான் உங்கள் மீனுக்கு ஆபத்து. இதில் யார் மீதும் பழியில்லை. நாம் குளத்துக்குள் விடுமுன் அதை எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

நாம் குடிக்கும் குளோரின் வயிற்றுக்குப் போய் அங்கேயே செயலிழந்துவிடும். மீனுக்கு அது நேரே செவுளில் படுகிறது. செவுள் என்பது இரத்தமும் தண்ணீரும் ஒரு மெல்லிய தோலுக்கு இருபுறமும் ஓடும் இடம். அந்தத் தோல் வெந்துபோனால், தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு இருந்தாலும் மீனால் எடுக்க முடியாது.

2. மூக்கை நம்பாதீர்கள்.

"வாசனையே இல்லையே, அங்கிள்" என்பார்கள். மூக்குக்கு எட்டாத அளவே மீனைக் கொல்லப் போதும். தினமும் அதே தண்ணீரில் குளிக்கிறவனுக்கு அந்த வாடை பழகியும் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே விடுகிறார், ஒன்றும் ஆகவில்லை என்பதும் சான்றாகாது. அவர் குளம் பெரிதாக இருக்கலாம். பாசியும் சேறும் நிறைந்த பழைய குளம் கொஞ்சம் குளோரினைத் தானே தின்றுவிடும். நீங்கள் நேற்றுக் கட்டிய, பளிங்குபோல் சுத்தமான குளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

3. சோதனைப் பொருள் வாங்கும்போது, அது எதை அளக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

நீச்சல்குளச் சாமான் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ஓடிஓ சொட்டு. தண்ணீரில் விட்டால் மஞ்சளாகும். மலிவானது. ஆனால் மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். தனிக் குளோரின் எவ்வளவு, அம்மோனியாவோடு சேர்ந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அந்தத் திரவம் உடம்புக்கு ஆகாதது. சோதித்த தண்ணீரைக் குளத்தில் கொட்டவே கூடாது, கையிலும் படவேண்டாம்.

மற்றது டிபிடி மாத்திரை. இதையே வாங்குங்கள். ஒன்றாம் எண் மாத்திரை தனிக் குளோரினைக் காட்டும். அதே சோதனைக் குழாயில் மூன்றாம் எண் மாத்திரையையும் போட்டால் மொத்தக் குளோரின் தெரியும். மொத்தத்தில் தனியைக் கழித்தால் மிஞ்சுவது அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின், அதாவது குளோராமின். இந்தக் கழித்தல் கணக்குக்காகத்தான் கூடுதல் காசு. அதன் அருமை எட்டாவது பகுதியில் புரியும்.

வண்ணக் காகிதப் பட்டைகளும் விற்கிறார்கள். குளோரினுக்கு அவை போதாது. காற்றில் ஈரம் நிறைந்த நம் ஊரில் மூடியைச் சரியாக மூடாவிட்டால் சீக்கிரமே கெட்டுவிடும்.

எந்த வகையானாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். வாசலில் வெயில் படும் தட்டில் வைக்காதீர்கள். வாங்கி வந்த அன்றே, கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருமுறை சோதியுங்கள், நிறம் வரக்கூடாது. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு குளோரொக்ஸ் வெளுப்பான் விட்டுச் சோதியுங்கள், நிறம் வந்தாகவேண்டும். இரண்டும் சரியாக வந்தால் அந்தச் சோதனைப் பெட்டியை நம்பலாம்.

4. எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

நம் தாமான் வீடுகளில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. சமையலறைக் குழாயும் வாசல் குழாயும் பெரும்பாலும் மீட்டரிலிருந்து நேரே வருபவை. குளியலறைத் தண்ணீர் கூரைக்குக் கீழே உள்ள தாங்கியில் தங்கி வருவது. தாங்கியில் தங்கியதில் குளோரின் குறைந்திருக்கும். வாசல் குழாயில் முழுதாக இருக்கும். குளத்துக்கு நீங்கள் பிடிப்பது வாசல் குழாயில்தான். குளியலறையில் சோதித்துவிட்டு வாசலில் பைப்பைத் திறப்பவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். குளத்துக்கு ஓஸ் மாட்டும் அதே குழாயில், ஓஸின் மறுமுனையில் பிடித்துச் சோதியுங்கள்.

இன்னொன்று. வாசலில் மீட்டர் பக்கத்தில் பெரிய உருளை வடிவ மணல் வடிகட்டி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். கலங்கலையும் துருவையும் அது பிடிக்கும். குளோரினைப் பிடிக்காது. உள்ளே கரி போட்டிருந்தால் பிடிக்கும். அதுவும் கரி புதிதாக, தண்ணீர் மெதுவாகப் போனால் மட்டும். கரிக்கு ஆயுள் உண்டு. தீர்ந்தது வெளியே தெரியாது. ஃபில்டர் விற்றவர் எத்தனை ஆண்டு உத்தரவாதம் சொல்லியிருந்தாலும், வடிகட்டிக்கு முன்பும் பின்பும் சோதித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

5. சோதிக்கும் முறை.

சோதனைக் குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். சோதிக்கப் போகும் அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். பைப்பைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். ஓஸில் இரவெல்லாம் நின்ற தண்ணீரில் குளோரின் குறைந்திருக்கும். அது உங்களை ஏமாற்றும். (செம்பு, துத்தநாகம் பார்க்கும்போது மட்டும் இதற்கு நேர்மாறு. அதைப் பிறகு சொல்கிறேன்.) கோடு வரை பிடித்த உடனே, அந்த இடத்திலேயே சோதியுங்கள். போத்தலில் பிடித்துக் கடைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே குளோரின் போய்விடும்.

மாத்திரையைக் கையால் தொடாமல் உறையிலிருந்து நேரே குழாயில் தள்ளுங்கள். நசுக்கிக் கலக்கும்போது பாருங்கள்: அடியில் மாத்திரை உடையும் இடத்திலிருந்து ரோஜா நிறம் சுருள் சுருளாக மேலேறிப் பரவும். கால் மில்லிகிராம் அளவுக்கு லேசான சாயல்தான் இருக்கும். ஒன்று, இரண்டு என்று ஏற ஏறக் கத்தரிப்பூ நிறத்தை நோக்கிப் போகும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிடுங்கள். வாசல் மஞ்சள் விளக்கில் பார்த்தால் அளவு சரியாகத் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். நேரம் போகப் போக நிறம் தானாகவே கூடும்.

ஒரு அபாயம் சொல்லவேண்டும். மாத்திரை போட்டதும் நிறம் பளிச்சென்று தோன்றி உடனே மறைந்துவிட்டால், குளோரின் இல்லை என்று அர்த்தமல்ல. அளவுக்கு மீறிய குளோரின் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். தாங்கியைக் குளோரொக்ஸ் ஊற்றிக் கழுவிய வீட்டில் இப்படி நடக்கும். ஒரு பங்கு தண்ணீருக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து மறுபடியும் சோதித்து, வந்த அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

6. நிறம் வரவில்லை என்றாலும் மருந்து போடுங்கள்.

நம் கையில் இருக்கும் பெட்டியின் கண்ணுக்குத் தெரியும் கடைசிப் படி 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனின் வரம்பு 0.019. அதாவது நம் கண்ணுக்கு நிறமே தெரியாத தண்ணீரிலும் மீனுக்கு ஆகாத அளவு இருக்கலாம். எவ்வளவு மருந்து போடுவது என்று கணக்குப் பார்க்கத்தான் சோதனை. போடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு அல்ல.

கணக்கு எளிது. கடையில் ஆன்டி குளோரின் என்று கிடைக்கும் வெள்ளைக் கல், சோடியம் தயோசல்ஃபேட். ஒரு டன் தண்ணீரில், அதாவது 1,000 லிட்டரில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தால் 7 கிராம் கல். சோதனையில் இரண்டு வந்தால் 14 கிராம். கொஞ்சம் கூடினால் மீனுக்குத் தீங்கில்லை, குறைந்தால்தான் வினை. சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கைப்பிடி அளவு, கண்ணளவு என்று போகாதீர்கள். பெயர் ஒட்டிய போத்தலில் கரைத்து விற்பதை வாங்கினால், உறையில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். எத்தனை மில்லிகிராம் குளோரினுக்கு அந்த அளவு என்று எழுதாத மருந்தை வாங்கவேண்டாம்.

கல்லை ஒரு வாளியில் கரைத்து, பைப்பைத் திறக்குமுன் குளத்தில் ஊற்றுங்கள். தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஊற்றுவது நல்லது. விட்ட பிறகு போடலாம் என்று நினைப்பவர்களின் மீன்தான் ஓஸ் விழும் மூலையில் வெந்துபோகிறது. புதுத் தண்ணீரின் ஓட்டத்தை மீன் தேடிப் போகும். கோய்க்கு அந்தப் பழக்கம் உண்டு.

7. பொறுமை இருந்தால் மருந்தைப் பெரிதும் குறைக்கலாம்.

தனியாக ஒரு தொட்டி வையுங்கள். அதில் தண்ணீரைப் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டமும் வெயிலும் படவிட்டால் தனிக் குளோரின் பெரும்பாலும் போய்விடும். மறுநாள் சோதித்துப் பார்த்துவிட்டுக் குளத்துக்கு விடுங்கள். இடமிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அசையாத தண்ணீரில், நிழலில், மூடி போட்ட டிரம்மில் அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

8. குளோராமினும் அம்மோனியாவும்.

காற்றில் போவது தனிக் குளோரின்தான். குளோராமின் நாள்கணக்கில் நிற்கும். தண்ணீர் நிறுவனம் வேண்டுமென்றே சேர்க்காவிட்டாலும் அது உருவாகலாம்: ஆற்று நீரில் கழிவுநீராலோ குப்பைக் கிடங்குச் சாற்றாலோ அம்மோனியா கலந்திருந்தால், நிலையத்தில் சேர்க்கும் குளோரின் அதோடு கூடிக் குளோராமின் ஆகிவிடும். லங்காட் ஆற்று நிலையங்கள் அம்மோனியா காரணமாக மூடப்பட்ட செய்திகளை நாம் படித்ததுதான். அதனால்தான் மூன்றாம் எண் மாத்திரை.

தயோசல்ஃபேட் குளோராமினையும் உடைக்கும். ஆனால் உடைத்தபின் அம்மோனியா தண்ணீரிலேயே மிஞ்சும். ஒரு மில்லிகிராம் சேர்ந்த குளோரினுக்கு ஏறக்குறைய 0.2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன். பழகிய ஃபில்டர் இருந்தால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா தின்றுவிடும். புதுக் குளத்தில் தின்ன ஆள் இல்லை.

அம்மோனியாவின் குணம் தெரிந்திருக்கவேண்டும். குடிநீர்த் தர அளவில் அதற்கு 1.5 மில்லிகிராம் வரை இடமுண்டு. அது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வது அதில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதி எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச்சும் வெப்பமும் முடிவு செய்கின்றன. நம் ஊர் 28 டிகிரித் தண்ணீரில், பிஎச் 7 என்றால் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நச்சு. பிஎச் 8 என்றால் நூற்றுக்கு ஆறரைப் பங்கு. பிஎச் 9 என்றால் நாற்பதுக்கு மேல். அதே தண்ணீர், அதே அம்மோனியா. காலையில் நன்றாக நீந்திய மீன், பச்சைப் பாசி நிறைந்த குளத்தில் பிஎச் ஏறிய பிற்பகல் மூன்று மணிக்குத் திணறுவது இதனால்தான். நச்சுப் பகுதி 0.02 மில்லிகிராமைத் தாண்டவிடாதீர்கள்.

அம்மோனியா சோதனை வாங்கும்போது பச்சை நிறம் காட்டும் சாலிசிலேட் வகையை வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் நெஸ்லர் வகை, குளோரினோடு அம்மோனியாவையும் கட்டும் சில மருந்துகள் போட்ட தண்ணீரில் பொய் சொல்லும். இது தெரியாமல் இல்லாத அம்மோனியாவுக்குப் பயந்து, மீண்டும் மீண்டும் தண்ணீர் மாற்றி மீனைக் கொன்றவர்கள் உண்டு.

9. பிஎச் மட்டும் பார்த்தால் போதாது, கேஎச்சையும் பாருங்கள்.

சிலாங்கூரின் ஆறுகள் மலைக்காட்டில் பிறந்து வருபவை; தண்ணீர் மென்மையானது. சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச்சை ஏற்றி அனுப்பலாம், ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கும் சத்து குறைவாகவே இருக்கும். அந்தச் சத்தைத்தான் கேஎச் அளக்கிறது. சொட்டுச் சொட்டாய் விட்டு நிறம் மாறும் வரை எண்ணும் சோதனை, குழந்தைகூடச் செய்யலாம். நான்கு படிக்குக் கீழே இருந்தால் கவனம். ஒரு வாரம் மழை கொட்டினால் பிஎச் ஒரே இரவில் சரிந்துவிடும்.

ஏற்றுவதற்கு ஒரு டன்னுக்கு 30 கிராம் சமையல் சோடா போட்டால் கேஎச் ஒரு படி ஏறும். ஒரு நாளைக்கு ஒரு படிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஃபில்டரில் ஒரு பை சிப்பி ஓடு வைத்தால் மெல்ல மெல்லத் தானே கரைந்து கொடுக்கும்.

புதிதாகச் சிமெண்டுக் குளம் கட்டியவர்களுக்கு இது தலைகீழ். சிமெண்டுச் சுண்ணாம்பு பிஎச்சை 10க்கு மேலும் கொண்டுபோகும். நிரப்பி, சில நாள் வைத்து, இறைத்து, மறுபடி நிரப்பி, 8.5க்குக் கீழே வந்து நிற்கும் வரை ஒரு மீனும் விடவேண்டாம். கல்யாண மண்டபக்காரன் தேதி கொடுத்ததுபோல் அவசரப்படுகிறார்கள் சிலர். சிமெண்டு யாருக்காகவும் அவசரப்படாது.

10. உலோகங்கள்.

குடிநீர்த் தர அளவில் செம்புக்கு 1 மில்லிகிராம், துத்தநாகத்துக்கு 3 மில்லிகிராம் வரை இடமுண்டு. நமக்கு அது பெரிதல்ல. மென்மையான தண்ணீரில் மீனுக்குச் செம்பு, நூறில் சில பங்கு மில்லிகிராமிலேயே ஆகாது. இவை பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை. உங்கள் வீட்டுக் குழாயிலிருந்து வருகின்றன. பழைய வீட்டின் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், பித்தளைக் குழாய்முனை, செம்புக் குழாய் போட்ட வாட்டர் ஹீட்டர். ஆகவே இதற்கு மட்டும், காலையில் முதலில் வரும் தண்ணீரைப் பிடித்துச் செம்புச் சோதனை செய்யுங்கள். பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். முதலில் இருந்து பிறகு இல்லையென்றால் குற்றம் குழாயில். முதல் தண்ணீரைப் பூச்செடிக்கு விட்டுவிடுங்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து குளத்துக்கு எப்போதும் பிடிக்காதீர்கள்.

ஃபுளோரைடைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பல்லுக்காக நம் தண்ணீரில் சேர்ப்பது 0.4 முதல் 0.6 மில்லிகிராம். அந்த அளவில் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

11. தண்ணீர் நின்று திரும்பி வரும் நாளில் குளத்துப் பைப்பைத் தொடாதீர்கள்.

2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங்கில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு, அது சிலாங்கூர் ஆற்றில் கலந்து, மூன்று சிலாங்கூர் ஆற்று நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் மூடப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. நம் கிள்ளான் மாவட்டமும் அதில் அடக்கம். லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் நடந்தது.

மீன் வளர்ப்பவர் இதில் கவனிக்க இரண்டு உண்டு. ஒன்று, நிலையத்தை மூடியது வாடையை வைத்துத்தான். வாடை இல்லாத நச்சும் ஆற்றில் கலக்கக்கூடும். நம் வீட்டுப் பெட்டியில் அதற்கெல்லாம் சோதனை இல்லை. இரண்டு, தண்ணீர் திரும்பும்போது காலிக் குழாயில் ஒட்டியிருந்த சேறும் துருவும் பெயர்ந்து வரும்; குளோரினும் வழக்கமான அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. தெருவில் புதுக் குழாய் பதித்தாலும் இதே எச்சரிக்கைதான். புதுக் குழாயை இணைக்குமுன் அதிகக் குளோரின் விட்டுக் கிருமி நீக்கி அலசுவது வழக்கம்.

ஆகவே தண்ணீர் வந்ததும் வீட்டுக்குப் பிடியுங்கள், வாசலைக் கழுவுங்கள். குளத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். மூன்று நாள் தண்ணீர் மாற்றாமல் செத்த மீன் குறைவு. தீனியை நிறுத்தி, ஏர் பம்பை ஓடவிட்டால் போதும். இதற்காகவே ஏழாவதில் சொன்ன தனித் தொட்டியை எப்போதும் நிறைத்து வையுங்கள்.

12. பால்போல் வெள்ளையாக வந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியிலிருந்து தெளிந்தால் அது காற்றுக் குமிழி. மேலிருந்து தெளிந்து அடியில் படிந்தால் சேறு. குமிழிதானே என்று நேரே விடாதீர்கள். காற்று மிகுந்த தண்ணீர் மீனின் துடுப்பிலும் கண்ணிலும் குமிழியாகவே தங்கிவிடும். ஓஸ் முனையில் ஷவர் தலை மாட்டித் தெளித்து விட்டால் அந்தக் காற்று வெளியேறிவிடும்.

13. டிங்கிப் புகை.

பைப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் செத்த மீனுக்கும் பைப்புத் தண்ணீர்மீதே பழி விழுகிறது. கொசு மருந்துப் புகையில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. புகை அடிக்க வருகிறார்கள் என்றால் குளத்தைக் கேன்வாஸால் மூடுங்கள். அதைவிட முக்கியம், ஏர் பம்பை நிறுத்துங்கள் அல்லது வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். வெளியே ஓடும் பம்பு அந்தப் புகையை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதும். புகை அடங்கியதும் உடனே திரும்பப் போடுங்கள். அபேட் என்ற கொசுப்புழு மருந்து போட்ட டிரம் தண்ணீரையும் குளத்துக்கு விடவேண்டாம்.

14. சோதனைக்கு மீனை விடும் பழக்கம்.

கால்வாயில் பிடித்த கப்பி மீனை வாளியில் விட்டு, மறுநாள் உயிரோடிருந்தால் தண்ணீர் நல்லது என்று சொல்வது நம்மிடையே பழைய வழக்கம். மீன் நல்ல காவல்காரன் என்பது மெய்தான். சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் மீன்களின் அசைவைக் கேமராவால் கவனித்து நீரின் தரத்தைக் கண்காணிக்கிறது. ஆனால் கால்வாயிலேயே பிழைத்த கப்பி, எதையும் தாங்கும். அது பிழைத்ததால் உங்கள் கோய் பிழைக்கும் என்று பொருளில்லை. இரண்டு மாத்திரையில் தெரிவதற்கு ஓர் உயிரைப் பணயம் வைக்கவேண்டாம் என்பது என் எண்ணம்.

15. மீன் திணறும்போது முதலில் பைப்பை மூடுங்கள்.

இந்த ஒன்றையாவது மறக்காதீர்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், தண்ணீர் கெட்டுவிட்டது என்று பதறிப்போய் இன்னும் புதுத் தண்ணீர் விடுகிறார்கள். புதுத் தண்ணீரால் வந்த கேடு என்றால், அதே நஞ்சை மேலும் ஊற்றுகிறீர்கள். பைப்பை மூடுங்கள். குளம் முழுவதற்கும் கணக்குப் போட்டுத் தயோசல்ஃபேட் கரைத்து ஊற்றுங்கள். இருக்கிற ஏர் ஸ்டோன் எல்லாவற்றையும் போடுங்கள். தீனி வேண்டாம். பிறகு சோதியுங்கள்.

குளோரின் பட்ட மீன் முதலில் துள்ளும், சுவரில் உரசும், உடம்பில் வழுவழுப்பு கூடி மேல்தோல் பால் படிந்ததுபோல் இருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு வெளிறி, ஓரம் கருகியிருக்கும். செவுள் காப்பி நிறமாக இருந்தால் அது வேறு, நைட்ரைட் கூடியிருக்கிறது. அதற்கு டன்னுக்கு ஒரு கிலோ கல் உப்பு. கெலி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கெலி மேலே வந்து காற்றுக் குடிப்பது அதன் இயல்பு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது தீனிக்கு வராததுதான் முதல் அறிகுறி.

குளோரின் பட்ட மீன் அன்றே சாகவேண்டும் என்பதில்லை. தேறியதுபோல் இருந்து, செவுளில் கிருமி பிடித்து அடுத்த வாரமும் சாகும். அப்போது தீனியையும் வானிலையையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

16. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்.

தேதி, நேரம், தனிக் குளோரின், மொத்தக் குளோரின், பிஎச், கேஎச், அம்மோனியா, எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள், எவ்வளவு கல் போட்டீர்கள். ஒரு வரி போதும். காப்பார் போன்று குழாயின் கோடிப் பக்கத்தில் இருக்கும் ஊரில் குளோரின் நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும். உங்கள் வாசல் குழாயின் வழக்கம் என்ன என்று உங்கள் புத்தகம்தான் சொல்லும். வேறு தாமான்காரரின் கணக்கு உங்களுக்கு உதவாது.

அந்தப் புத்தகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வழக்கமாக ஒன்று காட்டும் குழாய் திடீரென்று நான்கு காட்டினால், அல்லது பெட்ரோல் வாடையோ வேறு புது வாடையோ வந்தால், அது உங்கள் குளத்தோடு நிற்கும் விஷயமல்ல. அந்தத் தெருவே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. மூடி இறுக்கமான சுத்தப் போத்தலில் அந்தத் தண்ணீரை நிறையப் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வையுங்கள். பிறகு நம் தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரின் 15300 எண்ணுக்கு அழைத்து, வழக்கமான அளவையும் அன்றைய அளவையும் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.